கேட்டுப் பெறும் நினைவகம்

சி மொழியில் நிரல் எழுதுவோர்க்கு நினைவகத்தில் இருவகை இடங்கள் வாய்க்கின்றன. செயற்கூறு தொடங்குகையில் தானே தோன்றி, முடிகையில் தானே மறையும் இடம் ஒன்று. நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் ‘மாலாக்’ என்னும் செயற்கூற்றை அழைத்து, ‘இத்தனை பைட்டு வேண்டும்’ எனக் கேட்டுப் பெறும் இடம் மற்றொன்று. பின்னது அமானிதப் பொருளை ஒத்தது. வேலை முடிந்ததும் ‘ஃப்ரீ’ வாயிலாகத் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும். நினைவூட்டுவார் எவரும் இலர். அப்பொறுப்பு முழுதும் நிரலாளர் தோளிலேயே உள்ளது.

திருப்பாவிடில் என்ன நேரும்? சில நொடிகளில் முடியும் நிரலாயின் கேடில்லை; இயக்க அமைப்பே யாவற்றையும் மீட்டுக்கொள்ளும். இரவு பகலாக ஓடும் வழங்கி நிரலின் நிலை வேறு. நொடிக்கு 10 வேண்டுகோள்கள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் 100 பைட்டு திரும்பாமற் போகிறது எனக் கொள்வோம். லினக்ஸில் பெருவழக்காயுள்ள குனூ சி நூலகம், 64 பிட் கணிப்பொறியில், கேட்ட அளவோடு தன் கணக்குக்கென 8 பைட்டு சேர்த்து, அதனை 16-இன் மடங்காக உயர்த்தி ஒதுக்குகிறது. ஆகவே 100 என்பது 112 ஆகிறது. நாளொன்றுக்கு 8,64,000 வேண்டுகோள்கள். கசிவோ 9 கோடியே 67 லட்சம் பைட்டுக்கு மேல்! (24 பைட்டு கேட்டால் 32 செலவாகும், 25 கேட்டால் 48. சிறு துண்டுகளை இலட்சக்கணக்கில் கேட்போர் இதனை மறத்தலாகாது.)

கசிவைக் கண்டறிய அந்நூலகத்திலேயே ‘எம்ட்ரேஸ்’ என்னும் வசதி உண்டு. அது பெற்றதையும் திருப்பியதையும் ஒரு கோப்பில் வரிவரியாகப் பதியும். பின்னர் அதே பெயருடைய துணைநிரல் வரவையும் செலவையும் ஒப்பிட்டு, எஞ்சியவற்றைக் காட்டும். ஜூலியன் சீவார்ட் உருவாக்கி 2002-இல் வெளிவந்த ‘வால்கிரைண்ட்’ இன்னும் நுட்பமானது. நிரலை மறுபடி தொகுக்காமலே அதனை ஆராயும். ஆனால் நிரலின் ஓட்டம் பன்மடங்கு மெதுவாகும்.

இவற்றுக்கும் பிடிபடாத பெருக்கம் ஒன்றுண்டு. இனித் தேவைப்படாத விவரத்தை ஒரு பட்டியலில் தொங்கவிட்டிருந்தால், அதற்குச் சுட்டி இருப்பதால் கசிவு என்று கருவி சொல்லாது. நினைவகமோ வளர்ந்துகொண்டே போகும். எந்த வரி எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளது என்பதைக் காலவரிசையில் காட்டும் ‘மாசிஃப்’ என்னும் வால்கிரைண்டின் உறுப்பே இங்கு உதவும். என் கருத்தில், மாணவர் முதலிற் பயிலவேண்டிய கருவி இதுவே.

எல்லாவற்றையும் முறையாகத் திருப்பிய பின்னும் நிரலின் பருமன் குறையாதிருப்பதைக் கண்டு மயங்குவோர் பலர். ‘ஃப்ரீ’ செய்த இடம் உடனே இயக்க அமைப்பிடம் போவதில்லை; நூலகம் மறுபயனுக்கென அதனைக் கையில் வைத்துக்கொள்கிறது. ஒதுக்கீட்டுப் பரப்பின் மேல்நுனி வெறுமையானால்தான் அது தானாகச் சுருங்கும். நுனியருகே ஒரே ஒரு சிறு துண்டு உயிரோடிருப்பினும் அதன் கீழுள்ள வெற்றிடமெல்லாம் தங்கிவிடும். இத்தகைய இடத்தையும் விடுவிக்க ‘மாலாக் டிரிம்’ என்னும் தனி அழைப்பு உண்டு.

128 கிலோபைட்டுக்கு மேற்பட்ட வேண்டுகோளுக்கு நூலகம் தனிப் பரப்பை வாங்கித் தரும். அது திருப்பியவுடன் இயக்க அமைப்பைச் சேரும். ஆனால் அத்தகைய பெருந்துண்டு திருப்பப்பட்டதும் நூலகம் அவ்வெல்லையைத் தானாகவே உயர்த்திக்கொள்கிறது. ‘மாலாப்ட்’ வாயிலாக எல்லையை நாமே குறித்துவிட்டால் இந்த உயர்வு நின்றுவிடும். பல இழைகள் ஓடும் நிரலில் கவனிக்கத்தக்கது அரங்குகளின் எண்ணிக்கை. 64 பிட் கணிப்பொறியில் கருவொன்றுக்கு 8 அரங்குகள் வரை நூலகம் அமைக்கும். 16 கருக்களாயின் 128. இதனை 2 அல்லது 4 எனக் கட்டுப்படுத்தினால் நினைவகம் மிஞ்சும். ஆயின் இழைகள் ஒன்றற்கொன்று காத்திருக்க நேரலாம். அளந்து பார்த்த பின்னரே இதில் கைவைத்தல் தகும்.

விரைவை நாடி, நூலகத்தின் மேல் தமக்கெனத் தனி ஒதுக்கீட்டு முறை எழுதிக்கொள்வோரும் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலர் அவ்வாறே செய்திருந்தனர். 2014-இல் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை வெளிப்பட்டது. ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட்டு வரை பிறர் மறைமொழிகள் வெளியே கசியக்கூடும் என அறிந்து உலகம் திடுக்கிட்டது. ஓப்பன்பிஎஸ்டி போன்ற அமைப்புகளின் ‘மாலாக்’கில் இத்தகைய அத்துமீறலைத் தடுக்கும் காவல்கள் இருந்தன. துண்டுகள் அந்தத் தனிப் பட்டியலுக்குள்ளேயே சுழன்றுகொண்டிருந்தமையால் அக்காவல்களுக்கு வேலையின்றிப் போயிற்று.