பிள்ளைகளுக்கு அறிவியல் பயிற்சி: எங்கே கேட்பது?

பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளை வீட்டிலிருந்தால், அடுத்து என்ன செய்வது என்ற கவலை பெற்றோருக்கு வருவது இயல்பே. திருத்தணி வட்டாரச் சிறு விவசாயிகள், வெளியூரில் பணம் கட்டிச் சேர்க்குமுன், திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிப்பது நல்லது.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. திருவள்ளூர் மாவட்டத்திற்கான நிலையம் திரூரில் இயங்குகிறது. டி.கே.எம். 9, டி.கே.எம். 13 நெல் ரகங்களைத் தந்த ஊர் இதுவே.

கிராமப்புற இளைஞர்களுக்குப் பயிற்சி அளிப்பது இந்நிலையங்களின் பணிகளுள் ஒன்று. செய்து பார்த்துக் கற்பதே இங்கு முறை. உதாரணமாக, 10 லிட்டர் நீரில் 1½ கிலோ உப்பைக் கரைத்து விதைநெல்லை இட்டால் பதர் மிதக்கும். கனத்த மணிகள் அடியில் தங்கும். மிதப்பதை நீக்கி, தங்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்கலாம். பள்ளியில் படித்த அடர்த்திப் பாடம் நாற்றங்காலில் பயன்படுவது இப்படித்தான்.

சேருமுன் கேட்க வேண்டியவை:

1. பயிற்சி எத்தனை நாள்? கட்டணம் உண்டா?

2. பிள்ளைகளைத் தம் கையால் செய்ய வைப்பார்களா?

3. சான்றிதழ் உண்டா?

4. முடித்த பிறகும் சந்தேகம் கேட்கலாமா?

பயிற்சி நாட்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் விசாரிக்கலாம். "வேலை நிச்சயம்" என்று முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. பெண் பிள்ளைகளையும் தவறாமல் அனுப்புங்கள். விதையும் தொழுவமும் பல வீடுகளில் அவர்கள் பொறுப்பில்தானே உள்ளன!