சாப்பிட்டிட்டுக் காத்திருங்கோ

நேற்றுக் காலைச் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? அச்சுவேலிப் பகுதியில் வீடுகளுக்குப் போகும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பலருக்கு உடனே பதில் வராது. "சாப்பிட்டனான்தானே... இல்லை, தேத்தண்ணி குடிச்சனான்" என்பார்கள். பிள்ளைகள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று கேட்டால் மட்டும் சரியாகச் சொல்வார்கள்.

பத்து வருடங்களுக்கு முன், சமூக சேவையாளராக இங்கே பணி தொடங்கியபோது, பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்காக ஒரு நேர அட்டவணை தயாரித்தேன். சமூகவியல் படித்தவள் அல்லவா, அழகாகக் கட்டம் போட்டிருந்தேன். அதிகாலை 5 மணிக்கு உடற்பயிற்சி, 5.30க்குத் தியானம், இரவு 9 மணிக்கு நாட்குறிப்பு. ஒரு மாதம் கழித்துப் போனால், ஒரு வீட்டில் அதன் பின்பக்கத்தில் வெங்காயம் கிண்டிய கூலிக் கணக்கு எழுதியிருந்தது. அந்த அக்கா கோபப்படாமல் கேட்டார்: "தங்கச்சி, இதிலை அடுப்பு மூட்டுற நேரத்தைக் காணேல்லையே?" அதன் பிறகு அந்த அட்டவணையை நான் எவருக்கும் கொடுக்கவில்லை.

அவருடைய கணவர் 2006இல் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. மூன்று பிள்ளைகள். பிறர் தோட்டத்தில் கூலி வேலை, அதோடு ஒரு சிறு குத்தகைக் காணி. ஒருநாள் தோட்டத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்த அழுத்தம் மிக அதிகம். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு அவர் தன் உடம்பை எவரிடமும் காட்டியதில்லை. ஏனக்கா என்றதற்கு, நேரமில்லை, பஸ்ஸுக்குக் காசில்லை என்றார். இன்னொரு நாள்தான் மற்றக் காரணம் வெளியே வந்தது.

"அவர் எங்கையோ, சாப்பிட்டாரோ தெரியாது. நான் ஆறுதலா இருந்து சாப்பிட்டு, நிம்மதியாப் படுத்தா, அவரை மறந்திட்டன் எண்டு ஆகாதோ?" அந்த வீட்டு விறாந்தை லைற் இரவில் அணைவதில்லை.

"நீங்கள் நலமாக இருந்தால்தான் பிள்ளைகளைப் பார்க்கலாம்" என்று வழக்கமாக நாங்கள் ஒரு வசனம் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அதிலும் அந்தப் பெண் பிறருக்காகவே பேணப்பட வேண்டியவராகிறார். பசிப்பது அவருக்கல்லவா? அன்று அந்த வசனம் என் வாயில் வரவில்லை. "லைற் எரியட்டும் அக்கா. காத்திருக்கிறதை விடச் சொல்லி நான் சொல்லேல்லை. சாப்பிட்டிட்டுக் காத்திருங்கோ" என்றேன். அவர் நெடுநேரம் அழுதார்.

பிறகு இருவருமாக அவருடைய நாளைப் பார்த்தோம். புதிதாக நேரம் தேடினால் கிடைக்காது. ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு சேர்த்துவிட்டால் நிலைக்கும். மோட்டர் போட்டுத் தண்ணீர் கட்டும்போது, ஒரு பாத்தி நிரம்பும்வரை வாய்க்காலருகே நிற்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் இரு பாதங்களையும் ஈரமண்ணில் நன்றாக ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, முன்னால் தெரிவதை ஒவ்வொன்றாகப் பார்ப்பது: தண்ணீர், வெங்காயத் தாள், வேலியிலே பூவரசு. கண்ணை மூட வேண்டியதில்லை. மூடினால் செல்லடியும் ஓட்டமும் கண்ணுக்குள் வருபவர்கள் எங்களில் பலர்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெருக்கீட்டுக் கால வழிகாட்டி நூலிலும் ஏறக்குறைய இத்தகைய பயிற்சியே முதலில் வருகிறது. அந்த நூலோடு அமைந்த பயிற்சிநெறியை உகண்டாவில் தஞ்சமடைந்த தென் சூடான் பெண்களிடம் பரீட்சித்திருக்கிறார்கள். கிழமைக்கு ஒன்றாக ஐந்து அமர்வுகள். ஒலிப்பதிவும் படப்புத்தகமும் மட்டும்தான். மூன்று மாதங்களின் பின்னும் மனத்துயர் ஓரளவு குறைந்திருந்தது. எங்களுக்கும் இது அந்நியமானதல்ல. மந்திரம் செபித்தல், செபமாலை சொல்லுதல், மூச்சுப் பயிற்சி என எமது வழக்கத்தில் உள்ளவற்றையே தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுத்தலாம் என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இருந்தபடி எழுதியிருக்கிறார்.

சாப்பாட்டுக்கு வேறொரு வழி வேண்டியிருந்தது. தனியே இருந்து சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. 2015 மார்ச்சில் வளலாய்க் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, பற்றை வெட்டப் போன பெண்கள் பத்து மணிக்கு வட்டமாக இருந்து, கொண்டுவந்ததைப் பங்கிட்டுச் சாப்பிட்டதைப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். பக்கத்து வீட்டு அன்ரியும் தனியாள்தான். இப்போது பத்து மணிக்கு யாராவது ஒருவர் வேலிக்கு மேலால் கூப்பிடுவார். கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்!

கிளினிக் என்றால் கர்ப்பிணிகளுக்கு மட்டும் என்று நினைத்து விதவைப் பெண்கள் பலர் விலகி நிற்கிறார்கள். 35 வயதானவர்களுக்கென 1996 முதல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை, மார்புப் பரிசோதனை, பிறசர், சீனி எல்லாம் இலவசம். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போனால் கூச்சம் பாதியாகும்.

இவையெல்லாம் போதாத நேரமும் உண்டு. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம்போல இருக்கிறது என்றால் மூச்சுப் பயிற்சியோடு நின்றுவிட வேண்டாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 என்ற உளநலத் தொலைபேசி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதுபோல இதற்கும் எடுக்கலாம்.

அந்த அக்காவின் பிறசர் இன்னும் முழுதாக அடங்கவில்லை. மருந்தைக் காலையில் அடுப்பு மூட்டியதும் குடிக்கிறார். நெருப்புப் பெட்டிக்குப் பக்கத்திலேதான் குளிசைப் பை. லைற் இப்போதும் எரிகிறது. அதன் கீழே பாய் விரித்துப் படுக்கிறாராம்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது பின்னேரம் மூன்று மணி. அன்று அதுவரை நாலு வீடு போயிருந்தேன். வயிறு எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் காஸ்ரிக் வந்து வருடக் கணக்காகிறது. கொப்பியைத் திறந்து, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்கத் தொடங்கினேன். அவர் என் மோட்டார் சைக்கிளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"முதல்லை உந்தச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறவுங்கோ தங்கச்சி. பிறகு கதைப்பம்."