உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் மூன்று மாத அளவும்

வெறும்வயிற்று அளவு காட்டாதவை

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை, ஒரு டெசிலிட்டருக்கு 110 அல்லது 120 மில்லிகிராம் என்று வந்துவிட்டால் நீரிழிவு கட்டுக்குள் இருப்பதாகக் கொள்வது பரவலான வழக்கம். ஆனால் அந்த எண், உணவில்லாத இரவு நேரத்தில் கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸை உடல் எவ்வாறு சமாளிக்கிறது என்பதை மட்டுமே காட்டும். மூன்று வேளை உணவும் இடையில் தேநீரும் பலகாரமும் உண்பவரின் உடல், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை உண்டதைச் செரிப்பதிலேயே கழிப்பதால், அந்நேரத்துச் சர்க்கரையை அளக்காமல் நோயின் முழு நிலையை அறிய இயலாது.

நலமான உடலில், உண்ணத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கணையத்தின் பீட்டா செல்கள் தாம் சேமித்து வைத்திருக்கும் இன்சுலினை விரைந்து வெளியிடுகின்றன. முதற்கட்டச் சுரப்பு எனப்படும் இதுவே கல்லீரலின் குளுக்கோஸ் வெளியீட்டை உடனே அடக்குகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் தொடக்கத்திலேயே குன்றுவது இச்சுரப்புதான் என்பதால், வெறும்வயிற்று அளவு ஏறுவதற்கு முன்பே பலருக்கு உணவுக்குப் பிந்தைய அளவு ஏறிவிடுகிறது.

மூன்று மாதச் சராசரி

ரத்தத்திலுள்ள குளுக்கோஸ், சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினோடு மெல்ல ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், இவ்வாறு ஒட்டிய பகுதியின் விழுக்காடு கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைப் புலப்படுத்துகிறது. எச்பிஏ1சி எனப்படும் இவ்வளவு 7 விழுக்காடு என்றால் சராசரி ஏறக்குறைய 154 மில்லிகிராம், 8 விழுக்காடு என்றால் 183 மில்லிகிராம். 1998இல் வெளியான பிரித்தானிய நீரிழிவு ஆய்வில், இவ்வளவை 7.9க்குப் பதிலாக 7.0 அளவில் வைத்திருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு கால்பங்கு குறைந்தது.

இந்தச் சராசரியை உயர்த்துவது எது என்னும் வினாவுக்கு, பிரான்சின் மோன்பெலியே நகரில் லூயி மோனியே குழுவினர் 2003இல் தெளிவான விடை தந்தனர். எச்பிஏ1சி 7.3க்குக் கீழ் இருந்தோரிடம் மிகைச் சர்க்கரையில் ஏறத்தாழ 70 விழுக்காடு உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தால் வந்தது, 10.2க்கு மேல் இருந்தோரிடம் அப்பங்கு 30 விழுக்காடாகச் சுருங்கியது. ஆகவே மிக உயர்ந்த நிலையில் வெறும்வயிற்று அளவை முதலில் இறக்குவதும், இலக்கை நெருங்கியும் எட்டாமல் நிற்பவர் உணவுக்குப் பிந்தைய அளவை நோக்குவதும் பொருத்தமாகும்.

சராசரிக்கும் குறைகள் உண்டு. நாளெல்லாம் சீராக இருப்பவரும், மிகையும் தாழ்வுமாக அலைபவரும் ஒரே எண்ணைப் பெறலாம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை அதனைப் பொய்யாக உயர்த்தலாம். ரத்தப்போக்கும் ரத்தம் ஏற்றுதலும் தாழ்த்திக் காட்டலாம். இந்தியப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதால் இது ஒதுக்கத்தக்க செய்தி அன்று.

சோதனை நாளின் பிழைகள்

உணவுக்குப் பிந்தைய சர்க்கரையை அளப்பதற்கான இரண்டு மணி நேரம் என்பது முதல் கவளத்திலிருந்து எண்ணப்பட வேண்டும். உண்டு முடித்த பின்னர் எண்ணுவது பிழை. அன்றைக்கு மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதும், மருத்துவர் சொல்லாமலே வழக்கமான மாத்திரையைத் தவிர்ப்பதும் அன்றாட நிலையை மறைத்துவிடும்; அந்தத் தவறான எண்ணை நம்பியே மருந்தின் அளவு முடிவாகிறது என்பது வருந்தத்தக்கது. பெரும்பாலோருக்கு உணவுக்குப் பிந்தைய அளவு 180க்குள்ளும் எச்பிஏ1சி 7க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது வழக்கிலுள்ள இலக்கு. முதியவர்க்கும் தாழ்சர்க்கரை அடிக்கடி நேர்வோர்க்கும் மருத்துவர் இதனைத் தளர்த்துவார். எச்பிஏ1சியை 6க்குக் கீழ் இறக்க முனைந்த அமெரிக்க ஆய்வொன்றில் இறப்பு கூடியதால் 2008இல் அத்தீவிர சிகிச்சை நிறுத்தப்பட்டது.

ஏற்றத்தைத் தணித்தல்

சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறியையும் பருப்பு, முட்டை போன்ற புரத உணவையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னர் உண்பது ஏற்றத்தைத் தணிக்கும். உண்டபின் கால்மணி நேரம் நடந்தால், உழைக்கும் தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே குளுக்கோஸை ஈர்த்துக்கொள்ளும்.

அக்கார்போஸ், வாக்லிபோஸ் ஆகிய மருந்துகள் குடலில் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்துவதால், உணவோடு சேர்த்தே கொள்ளத்தக்கவை. இவற்றோடு வேறு நீரிழிவு மருந்தும் கொள்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துவிட்டால், வீட்டுச் சர்க்கரை உடைந்து ரத்தத்தில் கலப்பதும் தாமதமாகும் என்பதால், மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியையே கொடுக்க வேண்டும்; அவர்கள் வீட்டில் அது எப்போதும் இருப்பது அவசியம்.