தீ உண்ணாத பொருள்கள்

தீயிலிட்டால் யாவும் அழிந்தொழியும் என்பது பொதுமக்களின் எண்ணம். ஆயினும் குப்பையில் எரிவனவும் உள, எரியாதனவும் உள. இரண்டையும் ஒன்றாகக் கட்டி உலைக்கு அனுப்பினால் விளைவது யாது என்பது சிந்திக்கத்தக்கது.

இலங்கை மக்கள் இதனை ஏட்டளவில் மட்டும் அறிந்தவரல்லர். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021இல் கெரவலப்பிட்டியில், குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் பிறப்பிக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையாகக் குவிப்பதிலும் எரிப்பது நன்று. எனினும் உலைக்கும் ஒவ்வாத பொருள்கள் உண்டு.

இத்தகைய உலைகளில் வெப்பம் 850 பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அவ்வெப்பத்திலும் கண்ணாடி எரியாது. இளகிக் கட்டியாகி, குப்பையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களில் ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் 660 பாகையில் உருகி, சட்டங்களின் இடைவெளியில் ஒழுகி உறைந்து, காற்று வரும் வழியை அடைக்கும். கல்லும் மண்ணும் பீங்கானும் வெப்பத்தை உறிஞ்சுமேயன்றி ஒரு சிறிதும் தரமாட்டா. சிலவகைப் பற்றரிகளிலுள்ள பாதரசமும் கட்மியமும் ஆவியாகிப் புகையோடு செல்லும். அப்புகையை வடிகட்டுகையில் சேரும் நுண்சாம்பல் நஞ்சாகும். வாயு அடைத்த தெளிப்பான் கலங்களோ வெடிக்கும்.

எரிந்தபின் எஞ்சுவதும் சிறிதன்று. கலந்த குப்பையின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாக மிஞ்சும். நிலவளம் குறைந்த சிங்கப்பூர் 1979 முதலே குப்பையை எரித்து வருகின்றது. அச்சாம்பல் 1999 முதல் கடல்வழியே கொண்டுசெல்லப்பட்டு, செமக்காவு என்னுமிடத்தில் கொட்டப்படுகின்றது. 2035ஆம் ஆண்டளவில் அவ்விடமும் நிரம்பிவிடும் என மதிப்பிட்டுள்ளனர். எரியாத ஒவ்வொரு பொருளும் அந்த இடத்தில் ஒரு பங்கைக் கவர்ந்துகொள்கின்றது.

சாம்பலிலுள்ள இரும்பைக் காந்தத்தால் பிரித்தெடுக்கலாம். ஆயினும் தீயில் வெந்த தகரத்தினும், வெந்திடாத தகரமே மதிப்பு மிக்கது. உடைந்து இளகிய போத்தலை மீண்டும் போத்தலாக்குதல் அரிது.

ஆகவே பிரித்தலுக்கு ஏற்ற இடம் வீடே. போத்தலும் கண்ணாடியும் ஒரு பெட்டியில். தகரமும் பிற உலோகமும் வேறொன்றில். பற்றரியும் மின்குமிழும் தனியே. சோற்று மிச்சமும் காய்கறித் தோலும் எரியக்கூடியனவே எனினும், அவற்றின் ஈரம் உலையின் வெப்பத்தைக் குறைக்கும். அவை பசளைக் குழிக்கே உரியன.

வீட்டில் இவ்வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அங்கே செய்யப்படாத வேலை மறைந்துவிடுவதில்லை. குப்பை வண்டியிலோ உலை வாயிலிலோ நிற்கும் தொழிலாளியின் தலையில் அது விழுகின்றது. கலந்த பையினுள் அவர் கைவிடும்போது, உடைந்த கண்ணாடி எங்கே கிடக்கின்றது என்பதை அறியார்.