ராயபுரம் கடற்கரையில் ஆண் தலை! கொலைக் கேசில் வக்கீல் வாதாடுவது ஏன்?

"கொலை பண்ணினவனுக்கு எதுக்குய்யா வக்கீல்? காசு கொடுத்தா எதை வேணும்னாலும் பேசுவாங்களா?"

வடசென்னையில் ஒரு கொலை நடந்துவிட்டால் டீக்கடை பெஞ்சில் முதலில் கிளம்பும் கேள்வி இதுதான். பதில் சொல்ல ராயபுரத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. தமிழ்நாட்டையே உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கு!

டிரங்குப் பெட்டியில் பிணம்

1952 ஆகஸ்டு 28. சைனா பஜாரில் வியாபாரம் செய்துவந்த ஆளவந்தார் திடீரென்று காணாமல் போனார். மறுநாள் எழும்பூரில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறியது. மானாமதுரையில் இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஆண் பிணம்!

அடுத்த சில நாட்களில் ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. செமிட்டரி ரோட்டில் குடியிருந்த பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும் பம்பாயில் பிடிபட்டார்கள். தேவகிக்கும் ஆளவந்தாருக்கும் முன்பே பழக்கம் இருந்தது.

ஒப்புக்கொண்டால் போதுமா?

போதாது. போலீசாரிடம் "நான்தான் செய்தேன்" என்று சொன்னாலும் அதை வைத்து கோர்ட்டு தண்டிக்க முடியாது. அடி உதைக்குப் பயந்து சொல்லியிருக்கலாம் அல்லவா? அந்த வாக்குமூலத்தால் கிடைத்த கத்தி, துணி போன்ற தடயம் மட்டும் செல்லும். 2024 ஜூலையில் சாட்சியச் சட்டம் மாறியபிறகும் இதுதான் விதி.

அதனால் இந்த வழக்கிலும் தடயம்தான் பேசியது. தலையும் உடலும் ஒரே ஆளுடையவை என்று சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சி.பி.கோபாலகிருஷ்ணா நிரூபித்தார். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர். அங்கே இருந்த கைரேகையும் பிணத்தின் கைரேகையும் ஒன்றாக இருந்தன.

தூக்கா? ஏழு வருஷமா?

1953ல் சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி பஞ்சாபகேச அய்யர் முன் விசாரணை. சர்க்கார் தரப்பில் கோவிந்த் சுவாமிநாதன் வாதாடினார். தேவகியிடம் ஆளவந்தார் முறைகேடாக நடந்ததால் ஏற்பட்ட திடீர் ஆத்திரம் என்றது எதிர்த்தரப்பு.

செத்தவர் எழுந்துவந்து மறுக்க முடியாது. அவருக்காகப் பேச சர்க்கார் வக்கீல் இருந்தார். கூண்டில் நின்றவர்களுக்காகப் பேச அவர்கள் வக்கீல்கள். இரண்டையும் கேட்டுத்தான் தீர்ப்பு. மேனனுக்கு ஏழு வருஷம், தேவகிக்கு மூன்று வருஷம். திட்டம் போட்ட கொலை என்று முடிவாகியிருந்தால் மேனனுக்குத் தூக்குக் கயிறே விழுந்திருக்கலாம்!

வக்கீலிடம் சொன்ன ரகசியம்

"நான்தான் சார் குத்தினேன்" என்று கட்சிக்காரர் வக்கீல் காதில் சொன்னால்? அதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது. ஆனால் பொய்ச் சாட்சி தயார் செய்யவும் கூடாது. "இனிமேல் இன்னொருவனையும் தீர்த்துக்கட்டப் போகிறேன், வழி சொல்லுங்கள்" என்றால் அந்தப் பேச்சுக்கு ரகசியப் பாதுகாப்பு கிடையாது. ஆள் குற்றவாளி என்று மனசுக்குத் தோன்றினாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி.

காசு இல்லாதவர்?

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கூலி வேலை செய்பவர் கொலைக் கேசில் மாட்டினால் பெரிய வக்கீலுக்கு எங்கே போவார்? காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் தரவேண்டும் என்கிறது 1987ஆம் வருஷச் சட்டம். கோர்ட்டில் உள்ள சட்ட உதவி மையத்தில் குடும்பத்தார் மனு கொடுக்கலாம்.

ஆத்திரத்தில் கை ஓங்கியவனா, நாள் குறித்துக் கத்தி தீட்டியவனா, எதுவுமே செய்யாமல் மாட்டிக்கொண்டவனா? மூன்று பேரையும் ஒரே கயிற்றில் தொங்கவிடாமல் இருக்கத்தான் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டு!