கைமாறும் செருகுநிரல்

ஒரு பள்ளி தனக்கென இணையதளம் ஒன்றை நடத்திவருகிறது என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் அறிவிப்புகள், ஓரத்தில் தேர்வு அட்டவணை, கீழே பெற்றோர் கேள்வி அனுப்ப ஒரு படிவம். இவற்றைப் பள்ளியில் யாரும் நிரல் எழுதி உண்டாக்கவில்லை. வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, படிவத்திற்கு ஒன்று, அட்டவணைக்கு ஒன்று என்று சிறுசிறு துணை நிரல்களை அதில் சேர்த்துக்கொண்டார்கள். வேலை முடிந்தது. இத்துணை நிரல்களைக் கணிப்பொறியாளர் 'பிளக்-இன்' என்பர். நாம் செருகுநிரல் எனலாம்.

அந்தப் படிவச் செருகுநிரலை எழுதியவர் யார்? பள்ளிக்குத் தெரியாது. எங்கோ ஓர் ஊரில் ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதி, அனைவரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவைத்தார். இப்போது அவருக்கு நேரமில்லை. நிரல் எழுதத் தெரிந்த நீங்கள், "நான் பார்த்துக்கொள்கிறேன், ஐயா" என்று முன்வருகிறீர்கள். அவரும் சம்மதிக்கிறார். உங்கள் கைக்கு வந்து சேர்வது என்ன?

"ஏன், நிரல்தான்!" என்பீர்கள். நிரல் முன்பே உங்களுடையதுதானே! வேர்ட்பிரஸ் பொதுப் பட்டியலில் இடம்பெறும் செருகுநிரல்கள் யாவும் ஜி.பி.எல். என்ற பொது உரிமத்திற்கு இசைந்தவையாக இருக்க வேண்டும் என்பது விதி. யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், வேறு பெயரில் வெளியிடலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆகவே கைமாறும் பொருள் வேறு ஏதோ இருக்க வேண்டும். அது எது என்று அறியச் செருகுநிரல் இயங்கும் விதத்தைச் சற்றே பார்ப்போம்.

வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தை உருவாக்கும்போது ஆங்காங்கே நின்று, "இவ்விடத்தில் யாருக்காவது வேலை உண்டா?" என்று கேட்டுக்கொண்டே செல்கிறது. இவ்விடங்களுக்குக் 'கொக்கி' என்று பெயர். 2004 மே மாதம் வெளிவந்த 1.2 பதிப்பு முதல் இந்த வசதி இருக்கிறது. செருகுநிரல் தன் நிரல்துண்டை ஒரு கொக்கியில் மாட்டிவிடுகிறது. அவ்விடம் வந்ததும் துண்டு இயங்குகிறது. அதற்கெனத் தனியறை எதுவும் கிடையாது. வேர்ட்பிரஸின் ஓர் உறுப்பைப் போலவே அது தரவுத்தளத்தைப் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். படிவம் காட்ட வந்த நிரலுக்கு வீடு முழுவதும் திறந்திருக்கிறது!

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வேர்ட்பிரஸ் தளமும் வழக்கமாக நாளுக்கு இருமுறை பொதுப் பட்டியலைத் தொடர்பு கொண்டு, "என்னிடம் இன்ன செருகுநிரலின் 2.0 பதிப்பு இருக்கிறது. அதைவிடப் பெரிய எண் வந்துள்ளதா?" என்று விசாரிக்கிறது. வந்திருந்தால் உரிமையாளருக்குச் சொல்கிறது. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு முதல், உரிமையாளர் விரும்பினால் கேளாமலேயே தானாக நிறுவிக்கொள்ளவும் செய்கிறது. அந்தப் பெரிய எண்ணை வெளியிடும் உரிமைதான் கைமாறுகிறது. இருபதாயிரம் தளங்கள் அச்செருகுநிரலைப் பயன்படுத்தினால், இருபதாயிரம் வீடுகளின் சாவி உங்கள் சட்டைப் பையில்!

இது வெறும் அச்சமன்று. பக்கவாட்டுப் பெட்டிகளை எந்தெந்தப் பக்கத்தில் காட்டலாம் என்று தீர்மானிக்க உதவிய 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்ற செருகுநிரல் ஏறக்குறைய 2 லட்சம் தளங்களில் இருந்தது. 2017-இல் அது விலைக்குக் கைமாறியது. ஜூனில் புதிய உரிமையாளரின் முதல் பதிப்பு வந்தது. அது வெளியாரின் கணிப்பொறி ஒன்றிலிருந்து ஏராளமான தரவை இறக்குகிறது என்று பயனர் ஒருவர் புகார் செய்ய, பட்டியலிலிருந்து நீக்கினார்கள். திருத்திவிட்டேன் என்று அது திரும்பி வந்தது. மீண்டும் புகார், மீண்டும் நீக்கம். இப்படி நான்கு முறை! இடையில் வந்த பதிப்புகளில், தளத்தில் விளம்பரப் பக்கங்களை நுழைக்கும் கள்ளக்கதவு ஒன்று இருந்தது. அதில் ஒரு தந்திரம்: தளத்திற்குள் நுழைவுப் பெயர் கொடுத்து வந்தவர்க்கு அப்பக்கங்கள் தெரியமாட்டா. உரிமையாளர் எப்போதும் அப்படித்தானே வருவார்! ஊரார் கண்ணுக்குத் தெரிந்தது வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியவில்லை.

செப்டம்பரில் இறுதியாக நீக்கிய பின், பட்டியலை நடத்துவோர் பழைய நல்ல நிரலையே எடுத்துப் புதிய, பெரிய எண் இட்டு வெளியிட்டார்கள். எண் ஏன் உயர வேண்டும்? சிறிய எண்ணை எந்தத் தளமும் 'புதியது' என்று ஏற்காது. திருடன் நுழைந்த வாயில் வழியேதான் மருத்துவரும் நுழைய வேண்டியிருந்தது.

கைமாறினாலே கேடு என்று எண்ணிவிடாதீர்கள். வேர்ட்பிரஸே கைமாறிப் பிழைத்த மென்பொருள்தான். மிஷேல் வால்ட்ரிகி என்பவர் எழுதிய பி2 என்ற நிரல் 2002 இறுதியில் கவனிப்பாரின்றி நின்றது. அதைப் பயன்படுத்திவந்த மாட் முல்லன்வெக் என்ற அமெரிக்க இளைஞர் 2003 ஜனவரியில், இதன் நகலை எடுத்துத் தொடரலாமா என்று எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் கைகொடுத்தார். 2003 மே 27-இல் முதல் பதிப்பு வந்தது. அதற்கு அவர்கள் இட்ட எண் 1.0 அன்று, 0.7. பி2-இன் எண் 0.6 வரிசையில் நின்றிருந்ததால், அங்கிருந்து தொடர்ந்தார்கள். பின்னர் வால்ட்ரிகியும் இதையே பி2-இன் வாரிசு என ஏற்றார். ஆனால் இங்கே சாவி கைமாறவில்லை. நகலெடுத்துப் புதுப் பெயரில் தொடங்கினார்கள். பழைய பயனர்கள் தாமே விரும்பி மாறிக்கொள்ள வேண்டியிருந்தது. வளர்ச்சி மெதுவாக இருக்கும் என்றாலும் நேர்மையான வழி இது. பழைய ஆசிரியரைத் தேடியும் கிடைக்காதபோது நீங்கள் இவ்வழியை நாடுவதே நல்லது என்பது என் கருத்து.

சரி, சாவி உங்களிடம் வந்துவிட்டது. என்ன செய்வீர்கள்? புது வசதி ஏதாவது சேர்க்கக் கை துடிக்கும். சற்றுப் பொறுங்கள். முதலில் ஒரு நகல் தளம் அமைத்து, உள்ள நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாமலிருக்கக் காரணம் உண்டு. ஒலிநாடா பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும், அதைப் போடும் கருவி கடையில் இல்லாவிட்டால் பாட்டு ஏது? வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி பி.எச்.பி. 2015 டிசம்பரில் வந்த அதன் 7.0 பதிப்பு, தரவுத்தளத்தோடு பேசப் பலரும் பயன்படுத்திவந்த பழைய கட்டளைத் தொகுதி ஒன்றைக் கைவிட்டது. 2020 நவம்பரில் வந்த 8.0 இன்னும் சிலவற்றை நீக்கியது. எழுதியவர் ஓரெழுத்தும் மாற்றாமலேயே அவர் நிரல் பழுதானது. பட்டியலும் இதைக் கவனிக்கிறது: வேர்ட்பிரஸின் அண்மைப் பெரும் பதிப்புகள் மூன்றில் சோதிக்கப்படாத செருகுநிரலின் பக்கத்தில் எச்சரிக்கை தோன்றும்.

அடுத்து, பெயர்களில் கை வைக்காதீர்கள். பள்ளி தன் படிவத்திற்குச் செய்த அமைப்புகள் தரவுத்தளத்தில் ஏதோ ஒரு பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். பெயர் அழகாக இல்லை என்று நீங்கள் மாற்றினால், புதிய பதிப்பு புதிய பெயரில் தேடும், ஒன்றும் கிடைக்காது. தரவு அங்கேயே இருக்கும், படிவம் மட்டும் வெறுமையாகிவிடும். மாற்றியே தீர வேண்டுமானால், பழைய பெயரில் உள்ளதைப் படித்துப் புதியதில் எழுதும் சிறு நிரலையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு கட்டளையை நீக்குவதாயினும் முதலில் 'இது விலக்கப்படும்' என்று அறிவித்து, சில பதிப்புகள் காத்திருந்து நீக்குவது முறை. வேர்ட்பிரஸ் இதில் மிகவும் பொறுமைசாலி. 2005-இல் விலக்கிய கட்டளைகளையும் தனிக் கோப்பில் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இது சற்று அதிகப்படி என்றே தோன்றுகிறது. ஆனால் அதனால் உடையாமல் நிற்கும் தளங்களைக் கேட்டால் வேறு விடை வரலாம்!

சாவியைத் தனியாக வைத்திருப்பதும் நல்லதன்று. நம்பிக்கையான இன்னொருவருக்கும் வெளியீட்டு உரிமை இருக்கட்டும். 2024 அக்டோபர் முதல், கடவுச்சொல்லோடு இரண்டாவது அடையாளமும் காட்டினால்தான் செருகுநிரல் ஆசிரியர்கள் பட்டியலுக்குள் நுழைய முடியும். ஒரு கடவுச்சொல் திருடுபோனால் எத்தனை தளங்கள் போகும் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

ஒரு நாள் உங்களுக்கும் நேரமில்லாமல் போகலாம். அதற்கும் இப்போதே வழி பாருங்கள். செருகுநிரலின் விவரக் கோப்பில் 'என்னைத் தத்தெடுங்கள்' என்று பொருள்படும் குறிச்சொல் ஒன்றைச் சேர்த்தால், பட்டியலில் அது வளர்ப்பவரைத் தேடும் வரிசையில் தோன்றும். எவரும் வராவிட்டால் பட்டியலிலிருந்து மூடச் சொல்லலாம். ஆனால் மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு பதிப்பு வெளியிட்டு, "இதற்குப் பின் திருத்தம் வராது, தரவை இப்படி வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகப் பக்கத்திலேயே தெரியும்படி எழுதிவிடுங்கள். பட்டியலில் மூடியதை வேர்ட்பிரஸ் தானாக உரிமையாளருக்குத் தெரிவிப்பதில்லை. பள்ளியின் தளத்தில் அந்தப் படிவம் வழக்கம்போல் தோன்றிக்கொண்டே இருக்கும். பெற்றோர்களும் தங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதிக்கொண்டே இருப்பார்கள்.