மனை வாங்கப் போகிறவர்களுக்கு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டை வாங்குவதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எந்த நிலம் யாருடையது என்பது ஊரார் எல்லோருக்கும் தெரிந்திருந்த காலத்தில் அதற்கு அவசியம் இல்லாமல் இருந்திருக்கலாம். இன்றோ தென்காசியில் பிறந்தவர் தாம்பரத்தில் மனை வாங்குகிறார். விற்பவருடைய தகப்பனார் யார், உடன்பிறந்தார் எத்தனை பேர் என்பதொன்றும் அவர் அறியார். அவருக்குத் தெரிந்தவர் தரகர் ஒருவரே. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருபது வருஷம் சேர்த்த பணம் ஒரே நாளில் கை மாறி விடுகிறது. ஆகையால், இவ்விஷயத்தில் குடும்பஸ்தர்கள் சாதாரணமாகக் கேட்கும் சில கேள்விகளையும், தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள சட்டத்தை ஒட்டி அவற்றுக்குரிய விடைகளையும் இங்கே தருகிறேன்.

அச்சாரம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக் கொண்டால் சொத்து நம்முடையதாகி விடுமா?

ஆகாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான ஸ்தாவர சொத்தின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தினாலேயே நிறைவேறும் என்று 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் விதிக்கிறது. விற்பதாகச் செய்து கொள்ளும் ஒப்பந்தம் அச்சொத்தில் எவ்விதப் பாத்தியதையையும் உண்டாக்காது என்றும் அதே சட்டம் கூறுகிறது. விற்க ஒப்புக் கொண்டவர் பின்வாங்கினால், கிரயம் செய்து கொடுக்கும்படி கோர்ட்டை நாடும் உரிமை மாத்திரமே நமக்கு உண்டு. அதையும் கெடுத் தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் செய்தாக வேண்டும். "கிரயம் எதற்கு? பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருகிறேன்" என்று சிலர் சொல்வதுண்டு. அத்தகைய பத்திரத்தினால் சொத்துரிமை மாறாது என்று 2011-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் ஐயத்துக்கிடமின்றித் தீர்ப்பளித்திருக்கிறது.

வில்லங்க சர்டிபிகேட் சுத்தமாக இருந்தால் போதாதா?

போதாது. பதிவு ஆபீஸின் புத்தகங்களில் ஏறிய விவகாரங்களே அதில் தெரியும். உயிலைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே, பெட்டிக்குள் உறங்கும் உயில் அதில் தெரியாது. அஸல் பத்திரங்களைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்தே அடமானம் வைக்கும் முறையைச் சென்னை நகரத்துக்கு 1882-ம் வருஷத்துச் சட்டமே அனுமதித்திருக்கிறது. எழுத்தில்லாமல் வாய்ப் பேச்சோடு நடந்த அத்தகைய அடமானமும் அதில் வராது. கோர்ட்டில் நடந்து கொண்டிருக்கும் வழக்கின் தீர்ப்போ, இடையில் வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். ஆதலால் நகலைக் காட்டினால் அஸலைக் கேளுங்கள். "அஸல் தொலைந்து விட்டது" என்ற பதிலைக் கேட்டால், எங்கே தொலைந்தது என்று அறியும் வரையில் பணத்தை எடுக்காதீர்கள்.

வில்லங்கம் எத்தனை வருஷத்துக்குப் பார்ப்பது? குறைந்தது 30 வருஷத்துக்குப் பார்ப்பது நலம். அடமானம் வைத்தவர் அதை மீட்டுக் கொள்வதற்கு 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் 30 வருஷம் தருகிறது என்பதே இதற்குத் தக்க காரணம்.

பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதே?

இருக்க வேண்டியதுதான். ஆனால் பட்டா என்பது வருவாய்த் துறையின் கணக்கு; அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அதில் கண்ட சர்வே எண்ணும் விஸ்தீரணமும் கிரயப் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, சர்வேயரைக் கொண்டு நிலத்தை அளந்து விடுவது உத்தமம். காகிதத்தில் 2,400 சதுர அடி இருந்து, தரையில் 2,100 இருந்தால், குறைந்த 300 அடியைப் பட்டா கொண்டு வந்து தராது.

சர்க்கார் அதிகாரியே பதிவு செய்து விட்டாரே, இனிப் பயம் என்ன?

இதுதான் மிகவும் பரவியுள்ள தவறான எண்ணம். எழுதிக் கொடுப்பவருக்குச் சொத்தில் உரிமை உண்டா என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலையன்று என்று 2025-ம் வருஷத்தில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், சுப்ரீம் கோர்ட் கூறியது. தமக்கு இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியாது. பதிவு முத்திரை அதை உண்டாக்கியும் தராது.

யார் யார் கையெழுத்து வேண்டும்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. தகப்பனார் சுயமாய்ச் சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் காலமானார் என்று வைத்துக் கொள்வோம். 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி அவருடைய மனைவி, பிள்ளைகள், பெண்கள், உயிருடன் இருந்தால் தாயார் ஆகிய அனைவருக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்கு கொடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1989-ம் வருஷத்திலும், தேசம் முழுவதற்கும் 2005-ம் வருஷத்திலும் வந்தது. அது பிறப்பினாலேயே வரும் உரிமை என்றும், 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்றும் 2020-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் முடிவு செய்தது.

அண்ணன் தம்பி இருவர் கையெழுத்துப் போட வந்து, "தங்கைக்குத்தான் நகை போட்டுச் சீர் செய்து விட்டோமே" என்பார்கள். சீர் வேறு, பங்கு வேறு. அவள் கையெழுத்து இல்லாமல் வாங்கியவர் அவள் பங்கை வாங்கியவர் ஆகார். சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். உடன்பிறந்தவளுக்குத் தெரியாமல் விற்ற வீட்டில் நாம் விளக்கேற்றி வாழ்வது தர்மந்தானா என்பதையும் யோசிக்க வேண்டும். வாரிசு சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயரையும் விசாரித்தறியுங்கள். மைனரின் தனிப் பங்கை விற்கத் தகப்பனாருக்கோ தாயாருக்கோ கூடக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி விற்றால், மேஜரான பிறகு 3 வருஷத்துக்குள் அக்குழந்தை அக்கிரயத்தை ரத்து செய்யக் கோரலாம்.

விலையைக் குறைத்து எழுதலாமா?

2023-ம் வருஷத்து மாறுதலுக்குப் பிறகு, கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதமும் பதிவுக் கட்டணம் 2 சதவிகிதமும் ஆகின்றன. 50 லட்சத்துக்கு இது 4½ லட்சம். தொகையைப் பார்த்து மலைத்துச் சிலர் விலையைக் குறைத்து எழுதத் துணிகிறார்கள். அதிகாரிக்குச் சந்தேகம் தோன்றினால் மதிப்பை நிர்ணயிக்கப் பத்திரத்தை மேலே அனுப்பலாம். அது மாத்திரமன்று. கிரயம் நாளைக்குக் கெட்டுப் போனால், பத்திரத்தில் கண்டதற்கு மேல் கொடுத்த பணத்தை எந்தச் சாட்சியைக் கொண்டு நிரூபிப்பது?

இவ்வளவையும் பார்க்கத் தரகருடைய வக்கீல் போதாது. நம்முடைய வக்கீல் ஒருவர் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் பீஸ், சுவரில் ஒரு பூச்சுக்கு ஆகும் செலவைவிட அதிகம் இராது. "இன்றைக்கே முடிக்காவிட்டால் வேறொருவர் கொண்டு போய் விடுவார்" என்று யாராவது அவசரப்படுத்தினால், கொண்டு போகட்டும் என்று விட்டு விடுங்கள். நல்ல மனை இன்னொன்று கிடைக்கும். சேர்த்த பணம் இன்னொரு முறை கிடைப்பது அரிது.